ஆச்சிக்குப் பட்டணம் காட்டியது

ஓர் ஊரிற் பிறந்தவனுக்கு அவ்வூர் சொந்தமாவது எளிது; அதன்பொருட்டு அவன் செய்ய வேண்டுவது ஒன்றுமில்லை. வேற்றூரிலிருந்து வந்து குடிபுகுந்தவனுக்கோ, தான் வாழும் ஊர் தன் ஊர் ஆயிற்றா என்னும் ஐயம் பல்லாண்டு சென்றும் நீங்குவதில்லை. அவ்வையத்தைப் போக்கிக்கொள்ள வழி ஒன்று உண்டென்று யாம் எண்ணியிருந்தோம். சொந்த ஊரிலிருந்து உறவினர் வந்திறங்குங்கால் அவர்களை முன்னின்று அழைத்துச் சென்று, இஃது இன்னது, இஃது இன்ன ஆண்டிற் கட்டப்பட்டது என்று தடையின்றிச் சொல்ல வல்லோமாயின், அன்றே யாம் இவ்வூரார் ஆனோம் என்பது எமது துணிபு. சென்ற கிறிஸ்து பிறப்புத் திருநாள் விடுமுறையில் அத்துணிபு சோதிக்கப்பட்டது. அச்சோதனையில் யாம் தேறினோமா தவறினோமா என்பதை இதனைப் படிக்கும் நண்பர்களே முடிவு செய்வார்களாக.

எமது பூர்வீகம் திருநெல்வேலிச் சீமையின் தென்பால், இடையன்குடிக்கு அணித்தாயுள்ள ஒரு சிற்றூர். செம்மணல் தேரியும் பனங்காடும் அதன் எல்லைகள். எமக்கு ஏழு வயது நடக்கையில் எம் தந்தையார் அலுவல் நிமித்தமாகச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அன்று தொட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்நகரத்து நீரைப் பருகி, இந்நகரத்துக் கல்வியைக் கற்று வருகின்றோம். தந்தையாரைப் பெற்ற தாத்தாவும் ஆச்சியும் ஊரை விட்டு அசைந்தாரில்லை. கிறிஸ்துமசுக்கு ஆறு மாதம் முன்னர், ஜூன் மாதத்தில், தாத்தா காலஞ்சென்றார். அதன்பின் அப்பெரிய வீட்டில் ஆச்சி தனியராயினார். நவம்பர் மாதத்து மழையில் ஓரிரவு முற்றத்தில் வழுக்கி விழுந்தவர், விடியற்காலையிற் பால்காரர் வந்து குரல் கொடுக்குமளவும் எழ மாட்டாது அங்கேயே கிடந்தார். எலும்பு முறியாமற் போனது தேவ கிருபையே.

அச்செய்தி கேட்ட நாள் முதல் தந்தையாருக்கு உறக்கம் இல்லை. ஆச்சியைச் சென்னைக்கே அழைத்து வந்து உடன் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்து, நாள்தோறும் தொலைபேசியில் வற்புறுத்துவாராயினார். ஆச்சியோ இசைவும் சொல்லாமல் மறுப்பும் சொல்லாமல், "கிறிஸ்மஸுக்கு வாரேன், வந்து பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று மட்டும் விடையிறுத்தார். தந்தையார் எம்மைத் தனியே அழைத்து, "ஆச்சிக்கு ஊரைக் காட்டுவது உன் பொறுப்பு. அவர்கள் மனம் இங்கே ஒட்டிக்கொள்ள வேண்டும். தாத்தாவின் பேச்சை மாத்திரம் எடுத்துவிடாதே, வருத்தப்படுவார்கள்" என்று கூறினார். யாமும் தேர்வுக்குப் படிப்பது போல நகர வரலாற்றைப் படித்து, ஆண்டுகளையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி, நான்கு நாளைக்கு ஒரு காலவட்டணையும் வகுத்து வைத்தோம்.

டிசம்பர் 23-ஆம் நாட் காலையில் ஆச்சி, சித்தப்பா, சித்தி, அவர்களுடைய பத்து வயது மகன் ஆகிய நால்வரும் எழும்பூர் நிலையத்தில் வந்திறங்கினர். கருப்பட்டி நிறைந்த ஓலைப்பெட்டியொன்றும், முந்திரிக்கொத்தும் அதிரசமும் அடைத்த தகர டப்பாக்கள் இரண்டும் அவர்களோடு இறங்கின. யாம் காலம் தாழ்த்தாமல், "ஆச்சி, இந்த நிலையம் 1908-ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது" என்று தொடங்கினோம். ஆச்சி எம் கன்னத்தைத் தடவி, "எய்யா, இப்பிடி மெலிஞ்சு போயிட்டியே, காலைல ஏதாவது சாப்பிட்டியா?" என்றார். எமது சொற்பொழிவு அவ்விடத்தே முடிவுற்றது.

அன்று மாலையே அந்நிலையத்திற்கு அணித்தாயுள்ள தூய அந்திரேயா ஆலயத்திற்கு அழைத்துச் சென்றோம். 1821-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இவ்வாலயத்தைக் கட்டத் தொடங்கிய காலத்தில், நிலம் நீர் ஊறிய களிமண்ணாயிருந்தமையால், சாதாரணக் கடைகால் அதனைத் தாங்காதென்று கண்டு, கிணறுகள் பல இறக்கி அவற்றின்மேற் கட்டடத்தை எழுப்பினர். யாம் இதனை விளக்கிச் சொன்னபோது, முதன்முறையாக ஆச்சியின் முகத்தில் ஓர் ஆர்வம் தோன்றிற்று. தேரிக்காட்டிற் பிறந்தவருக்குக் கிணற்றின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ? வட்டமான அவ்விதானத்தையும் தூண்களையும் ஏறெடுத்துப் பாராமல், காலடியில் இருந்த தரையையே உற்று நோக்கினார். "கெணத்து மேலயா இவ்வளவு பெரிய கோயிலு நிக்கி? நம்ம வீட்டுக் கெணறு உங்க தாத்தா வெட்டினது. இப்பம் அதுல தண்ணி எறைக்க ஆளில்ல" என்றார். தந்தையாரின் ஆணை எமக்கு நினைவுக்கு வந்தது. உடனே கோபுரத்தைச் சுட்டி, "அதோ பாருங்கள், எவ்வளவு உயரம்!" என்று பேச்சை மாற்றினோம். ஆச்சி கோபுரத்தைப் பார்த்தார். மேலே ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் புனித ஜார்ஜ் கோட்டைக்குச் சென்று, காவலரின் சோதனைகளைக் கடந்து, தூய மரியாள் ஆலயத்தைக் கண்டோம். இது 1680-ஆம் ஆண்டில் அர்ப்பணம் செய்யப்பட்டது. இந்தியாவிலுள்ள ஆங்கிலத் திருச்சபை ஆலயங்களுள் மிகப் பழமையானது. 1753-ஆம் ஆண்டில் ராபர்ட் கிளைவ் இங்கேதான் திருமணம் செய்துகொண்டார். யாம் இவற்றையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தோம். சித்தப்பா தலையசைத்துக் கேட்டார்; சித்தியின் உள்ளம் தியாகராய நகர்ப் புடைவைக் கடைகளில் இருந்தது; தம்பிக்கோ 2015-ஆம் ஆண்டு முதல் ஓடும் மெட்ரோ இரயிலில் எப்பொழுது ஏறுவோம் என்பது ஒன்றே கவலை. ஆச்சி மாத்திரம் எம்மிடம் கேள்வி கேட்டார். ஆயினும் அவர் கேட்டவை எமது குறிப்பேட்டில் இல்லாதவை. "இந்தக் கோயில்ல இப்பம் எத்தன குடும்பம் இருக்கு? கோயிலத் தூக்கிறது யாரு? மணியடிக்கிறவரு வீடு பக்கத்துலயா?" என்று வினவினார். யாம் கிளைவ் துரையின் மணநாளை அறிந்திருந்தோமேயன்றி மணியடிப்பவரை அறிந்திலோம். அன்று பிற்பகல் சித்தி புடைவை எடுத்தார். தம்பி பூமிக்கடியில் ஓடும் இரயிலில் இருமுறை சென்று வந்தான். அவ்விருவரளவில் எமது பொறுப்பு நன்கு நிறைவேறியது.

கிறிஸ்துமஸ் விடியற்காலை வந்தது. எம் ஊரில் மார்கழிக் குளிரிலே பாட்டுக் குழுவினர் விளக்கேந்தித் தெருத்தெருவாகப் பஜனை பாடி வருவர். அவர்கள் வாயிலுக்கு வருமுன் முற்றம் பெருக்கி நீர் தெளித்துக் காத்திருப்பது ஆச்சியின் வழக்கம். இங்கே எமது குடியிருப்பின் நான்காம் மாடியிற் பெருக்குதற்கு முற்றமும் இல்லை. பாடி வரும் தெருவும் இல்லை. ஆயினும் ஆச்சி மூன்று மணிக்கே எழுந்து, வெண்ணிறச் சேலை உடுத்து, வேதபுத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். யாம் வழக்கமாகச் செல்லும் ஆலயத்தில் அன்று நிற்கவும் இடமில்லை. பாடகர் குழுவின் பாடல் மிக இனிமையாயிருந்தது. விண்மீன் விளக்குகள் கண்ணைப் பறித்தன. ஆச்சி கவர்ச்சியுறுவார் என்று யாம் பெரிதும் நம்பினோம்.

ஆராதனை முடிந்து அனைவரும் வெளியே வந்தபின், ஆச்சி தாழ்வாரத்தின் ஓரமாக நின்றார். யாம் வண்டியை அழைத்துவிட்டு வந்து பார்த்தபோதும் அங்கேயே நின்றார். எதற்காக நிற்கின்றார் என்பது எமக்கு விளங்கவில்லை. பின்னரே விளங்கிற்று. ஊரில் ஆராதனைக்குப் பின் எவரும் உடனே வீடு திரும்புவதில்லை. ஒருவர் மற்றவரிடம் வந்து, 'என்ன, சுகமா?' என்று வினவிய பின்னரே கலைவர். ஆச்சி அதற்காகக் காத்து நின்றார். ஆயிரம் பேர் அவரைக் கடந்து சென்றனர். அவர்களிடத்துக் குற்றம் காண்பதற்கில்லை. ஒவ்வொருவருக்கும் வீட்டில் விருந்து காத்திருந்தது. சிறிது நேரம் கழித்து, "வா, போவோம்" என்று படியிறங்கியவர், வண்டியில் அமர்ந்தபின் எம்மை நோக்கி, "பன்னெண்டு வருசமா இந்தக் கோயிலுக்குத்தான வாறிய? ஒருத்தராவது உன்னப் பேரு சொல்லிக் கூப்பிடலியே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை; எமக்காக இரங்கியே சொன்னார். அதற்கு யாது மறுமொழி சொல்வது?

பகலுணவுக்குப் பின் தட்டுகளில் முந்திரிக்கொத்தும் அதிரசமும் அடுக்கி, "அக்கம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டு வருவோம், யாரு யாரு வீடுன்னு சொல்லு" என்று ஆச்சி எம்மைத் துணைக்கு அழைத்தார். கதவு எண்களை யாம் அறிவோம். உள்ளே இருப்போரின் பெயர்களை அறியோம். எனவே ஆச்சி முன்னே சென்றார். யாம் தட்டேந்திப் பின்னே சென்றோம். மாலைக்குள், கீழ் வீட்டு அம்மையார் மார்கழி முழுதும் ஐந்து மணிக்கே எழுந்து கோலமிடுபவர் என்பதும், எதிர் வீட்டிலிருக்கும் முதியவர் முன்னாளில் நெல்லை மாவட்டத்தில் தபால் அதிகாரியாய் இருந்தவர் என்பதும், எம் தலைக்கு மேலே நாள்தோறும் ஓசையிடும் குழந்தை நடக்கத் தொடங்கி இரண்டு மாதமே ஆயிற்று என்பதும் எமக்குத் தெரியலாயின. பன்னிரண்டு ஆண்டில் யாம் அறியாதனவற்றை ஆச்சி ஒரு பிற்பகலில் அறிந்தார்.

டிசம்பர் 26-ஆம் நாட் காலையில் கடற்கரைக்குச் சென்றோம். இதனைத்தான் யாம் தலையாய காட்சியாக வைத்திருந்தோம். 1968-ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி இக்கடற்கரைச் சாலையில் தமிழ்ப் பெரியோர் சிலைகள் நிறுவப்பட்டன. வள்ளுவர், ஔவையார், கம்பர் ஆகியோரோடு, இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரும், 1886-ஆம் ஆண்டில் திருக்குறள் முழுமையையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையரும், 1856-ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இயற்றிய கால்டுவெல் ஐயரும் அங்கே நிற்கின்றனர். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் எமக்கு இவ்விடம் ஒரு திருத்தலம் போன்றது. கால்டுவெல் சிலையின் முன் ஆச்சியை நிறுத்தினோம்.

ஆச்சி அண்ணாந்து பார்த்துத் திடுக்கிட்டு, "எய்யா, நம்ம ஐயரு இங்க எதுக்கு நிக்காரு?" என்றார். இடையன்குடி ஆலயத்திலே அடக்கம் செய்யப்பட்டிருக்கும் அப்பெரியாரை எம் ஊரார் இன்றும் உறவினரைக் குறிப்பது போலவே குறிப்பிடுவர். யாம் அவர் வரலாற்றைக் கூறினோம்: அயர்லாந்திற் பிறந்து, 1838-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து, தமிழ் கற்று, 1841-ஆம் ஆண்டில் இங்கிருந்து பல நூறு கல் தொலைவைக் கால்நடையாகவே கடந்து இடையன்குடியை அடைந்து, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவ்வூரையே தம் ஊராகக் கொண்டு வாழ்ந்து, 1891-ஆம் ஆண்டிற் கோடைக்கானலில் உயிர் நீத்தார் என்று. ஆச்சி சற்றே சிந்தித்து, "அவரு இங்க இருந்து நம்ம ஊருக்கு நடந்து வந்தாரு, நீங்க எல்லாரும் அங்க இருந்து இங்க ரயிலேறி வந்துட்டிய" என்று நகைத்தார். பின்னர், "அவருக்கு ஊர்ல ஒவ்வொருத்தர் பேரும் தெரியும்னு பெரியவங்க சொல்லுவாங்க" என்றும் சேர்த்துக்கொண்டார். முந்தின நாள் சொன்ன சொல்லின் எச்சமே அஃதென்று எமக்குத் தோன்றிற்று.

அங்கிருந்து தெற்கே கலங்கரை விளக்கத்தின் பக்கமாக மணலில் நடந்தோம். நொச்சிக்குப்பத்தின் அருகே நீர்விளிம்பிற் பெண்கள் பலர் கூடி, செம்புகளிலிருந்து பாலைக் கடலில் வார்த்தும் மலர்களைத் தூவியும் நின்றனர். சிலர் வாய்விட்டு அழுதனர். அன்றைய நாளின் பொருளை யாம் மறந்து போயிருந்தோம். திருநாளுக்கு மறுநாள், கடற்கரைக்கு ஏற்ற நாள் என்று மாத்திரமே காலவட்டணையில் எழுதியிருந்தோம். "என்னய்யா இது?" என்று ஆச்சி வினவ, யாம் விளக்கத் தொடங்கினோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராத் தீவை அடுத்துக் கடலடியில் நிகழ்ந்த பெருநில அதிர்ச்சி. அதனால் எழுந்த ஆழிப் பேரலை. தமிழகத்தில் மடிந்தோர் ஏறத்தாழ 8,000 பேர். அவருள் நாகப்பட்டின மாவட்டத்தார் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர். யாம் பிறப்பதற்கு முன்னர் நிகழ்ந்தது. இவ்வாறு சொல்லி முடித்துத் திரும்பினால், அருகே சித்தப்பா நின்றாரேயன்றி ஆச்சியைக் காணோம்.

ஆச்சி அப்பெண்களிடையே சென்றிருந்தார். தனியே அமர்ந்திருந்த ஓர் அம்மையாரின் பக்கத்தில் மணலில் அமர்ந்துவிட்டார். யாம் அணுகியபோது அவ்வம்மையார் தம் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று காலை பந்து விளையாட மணலுக்கு வந்த சிறுவன், வயது ஒன்பது. ஆச்சி அவர் கையைப் பற்றியவாறு கேட்டிருந்தார். சொல்லி முடித்தபின் அவ்வம்மையார், "உங்க வீட்டுக்காரர் இருக்காராம்மா?" என்று கேட்டார்.

எமக்கு நெஞ்சம் துணுக்கென்றது. ஆறு மாதமாக எவரும் கேட்கலாகாதென்று எம் குடும்பத்தார் அனைவரும் காத்து வந்த கேள்வியன்றோ அது! ஆனால் ஆச்சி வருந்தினாரில்லை. தாத்தாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மணமான ஆண்டில் அவர் கிணறு வெட்டியதையும், முப்பது அடியிற் பாறை கண்டு கூலியாட்கள் கைவிட்டுப் போகத் தாமே இறங்கி உடைத்ததையும், கடைசி நாளிற் பதநீர் கேட்டதையும், பருவம் முடிந்து போனமையால் அது கிடைக்காமற் போனதையும் சொன்னார். பதநீர் செய்தியை எம் தந்தையாரும் அறியார். நடுவே அழுதார்; அழுகையை நிறுத்திச் சிரிக்கவும் செய்தார். வெயில் ஏறி மணல் சுடும்வரை இருவரும் எழவில்லை. யாம் சற்று விலகி நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். நான்கு நாளாக ஆச்சி சொல்ல வாயெடுத்ததைக் கோபுரத்தைக் காட்டி யாம் அடைத்து வைத்தோம் என்பதை அப்பொழுதே உணர்ந்தோம். துயரத்தை நினைப்பூட்டாதிருத்தல் அன்பென்று கருதினோம். அஃது எமது கூச்சத்திற்கு யாம் இட்டுக்கொண்ட பெயரேயாகும்.

எழுந்திருக்கும்போது அவ்வம்மையார், "அடுத்த வருசமும் இந்த நாளுக்கு வருவீங்களாம்மா?" என்றார். ஆச்சி, "வாரேன் தாயி" என்றார்.

அன்றிரவு உணவுக்குப் பின் தந்தையார் மெல்லப் பேச்சைத் தொடங்கினார். ஆச்சி கூறிய விடை வருமாறு: "நான் ஊருக்குப் போறேன்யா. அவரு வெட்டின கெணத்த மூடிப்போட்டு வர எனக்கு மனசில்ல. ராத்திரி தனியா படுக்க மாட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைய வந்து துணைக்குப் படுத்துக்கச் சொல்லுதேன். ஆனா வருசா வருசம் டிசம்பர் மாசம் முழுக்க இங்க இருப்பேன். எனக்கு ஒரு வாக்கு இருக்கு." தந்தையார் வாதாடிப் பார்த்தார். பின்னர், அவர் கேட்க அஞ்சிய ஒன்றைக் கேட்டார்: "கடைசியில் அப்பா என்ன கேட்டார்கள்?" ஆச்சி பதநீரைப் பற்றிச் சொன்னார். தாயும் மகனும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர்; யாம் விளக்கை அணைக்காமல் எழுந்து சென்றோம். முற்றத்து இருளை நினைந்து தந்தையார் இன்னும் அஞ்சவே செய்கின்றார். அவ்வச்சம் பொருளற்றதென்று யாம் சொல்ல மாட்டோம்.

புத்தாண்டு ஆராதனைக்குப் பின் அவர்கள் ஊர் திரும்பினர். இரயில் புறப்படுமுன் ஆச்சி கருப்பட்டி வட்டுகள் நான்கை ஒரு துணியில் முடிந்து எம்மிடம் தந்து, அவ்வம்மையாரின் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் சொல்லி, கொடுத்துவிட்டு வரும்படி பணித்தார். கல்லூரி திறந்த முதற் சனிக்கிழமையன்று நொச்சிக்குப்பத்திற்குத் தனியே சென்றோம். கடற்கரைக்குப் பன்முறை சென்றிருந்தும் அக்குடியிருப்பினுள் அதற்குமுன் கால் வைத்ததில்லை. வழியில் மூவரைக் கேட்டு வீட்டைக் கண்டடைந்தோம். அவ்வம்மையார் வலையருகே அமர்ந்து மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். முடிச்சை வாங்கி முகர்ந்து பார்த்து, "ஊருக்கு நல்லபடியாப் போய்ச் சேர்ந்தாங்களா?" என்றார். பிறகு எம் முகத்தை நோக்கி, "உன் பேரு என்னப்பா?" என்று கேட்டார்.

பெயரைச் சொன்னோம். காலவட்டணை எழுதிய குறிப்பேடு அன்றும் எம் பையில் இருந்தது. வீடு திரும்பியபின் அதன் கடைசிப் பக்கத்தில் அவ்வம்மையாரின் பெயரையும், கீழ் வீட்டார் பெயரையும், எதிர் வீட்டு முதியவர் பெயரையும் எழுதி வைத்தோம். மறுவாரம் ஆராதனை முடிந்ததும் தாழ்வாரத்திற் சற்று நின்றோம். எம்மைப் போலவே தனியே நின்ற மாணவர் ஒருவரிடம் சென்று ஊரும் பேரும் வினவினோம். அவர் பெயரும் அப்பக்கத்தில் ஏறிற்று. பக்கத்தின் பெரும்பகுதி இன்னும் வெற்றிடமாகவே உளது. வருகின்ற டிசம்பரில் ஆச்சி வந்து கேட்பார். அதற்குள் அதனை நிரப்ப வேண்டும்.